அசைன்மென்ட்: மெடிகேர் டாக்டர் எதை ‘ஏற்கிறார்’?

அமெரிக்க டாக்டர்கள் பட்டியலில் ஒருவரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பெயர், எமர்ஜென்சி மெடிசின் என்ற துறை, வேலை பார்க்கும் மருத்துவமனை, டாக்டரை அடையாளம் காட்டும் 10 இலக்க என்.பி.ஐ. எண். கூடவே ஒரு வரி: ‘மெடிகேர் அசைன்மென்ட்டை ஏற்கிறார்.’ மெடிகேர் என்பது அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அகராதியை வைத்துத் தமிழாக்கினால் ‘மெடிகேர் பணியை ஏற்கிறார்’ என்று வந்து நிற்கும். ஏதோ அரசாங்கம் கொடுத்த வேலையைச் செய்பவர் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இங்கே பேச்சு வேலையைப் பற்றியதே அல்ல, பணத்தைப் பற்றியது.

சொல்லின் வேர் லத்தீன். ‘சிக்னும்’ என்றால் அடையாளம். ‘அசிக்னாரே’ என்றால் அடையாளமிட்டு, இது இன்னாருக்கு என்று ஒதுக்குவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கிளை விட்டது. வேலையை ஒதுக்குவது ஒரு கிளை. பள்ளி அசைன்மென்ட் இந்த வகை, இலங்கையில் அதற்கு ஒப்படை என்று பெயர். தமிழ்நாட்டு வருவாய்த் துறையிலோ ஒப்படை என்றால் நிலம்: அரசு நிலத்தை வீட்டுமனையாக ஒருவருக்கு ஒதுக்கித் தருவது. இன்னொரு கிளை சட்டத்தில் வளர்ந்தது. தனக்கு வரவேண்டியதைப் பெறும் உரிமையை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது. கடனுக்காக எல்.ஐ.சி. பாலிசியை வங்கி பெயருக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்த அசைன்மென்ட் நன்றாகத் தெரியும். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 38ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். தமிழில் உரிமை மாற்றம் என்கிறோம்.

மெடிகேரின் அசைன்மென்ட்டும் இந்த இரண்டாம் கிளைதான். 1965இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட இந்தத் திட்டம் முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கானது. டாக்டர் கட்டணம் இதில் ‘பார்ட் பி’ என்ற பிரிவின் கீழ் வரும். அந்தக் காப்பீட்டுப் பணம் முறைப்படி நோயாளிக்குச் சேரவேண்டியது. அதை வாங்கும் உரிமையை அவர் டாக்டருக்கு மாற்றிக் கொடுக்கிறார். டாக்டரும் சும்மா வாங்கிக்கொள்ள முடியாது. மெடிகேர் நிர்ணயித்த தொகைக்கு மேல் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் ‘ஏற்கிறார்’ என்பது இந்த ஒப்புதலைத்தான். பணம் கேட்டு டாக்டர் அனுப்பும் சி.எம்.எஸ். 1500 என்ற பில் படிவத்தில் 27ஆவது கட்டம் இதற்கானது: அசைன்மென்ட் ஏற்பா, ஆம் அல்லது இல்லை.

அந்த ஒரு டிக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது? பேச்சுக்கு, ஒரு சிகிச்சைக்கு நிர்ணயத் தொகை 200 டாலர், வருடாந்திர டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நோயாளி தானே கட்ட வேண்டிய தொகை) ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தில் பங்கேற்பாளராகக் கையெழுத்திட்ட டாக்டர் ‘ஆம்’ என்று போட்டால் மெடிகேர் 160 டாலரை, அதாவது 80 சதவீதத்தை, நேராக அவருக்குத் தரும், நோயாளி பங்கு 40. அப்படிக் கையெழுத்திடாத டாக்டர் ‘இல்லை’ என்று போட்டால் கணக்கு மாறும். நிர்ணயம் 5 சதவீதம் குறைந்து 190 ஆகும். ஆனால் அதற்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 218.50 டாலர் வரை அவர் வாங்கலாம். மெடிகேர் தருவது 152, அதுவும் நோயாளிக்குத்தான். மிச்சம் 66.50 நோயாளியின் கைக்காசு.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெடிகேரில் பதிவு செய்வது வேறு, அசைன்மென்ட் ஏற்பது வேறு. பங்கேற்பாளராகக் கையெழுத்திட்டவர் எல்லா பில்லிலும் ஏற்றாக வேண்டும். பதிவு மட்டும் செய்தவர் பில்லுக்குப் பில் முடிவெடுக்கலாம். மெடிகேரிலிருந்தே விலகிக்கொண்டவர்கள் தனி ரகம். நோயாளியோடு தனி ஒப்பந்தம் போட்டுத் தங்கள் விலையை வைப்பவர்கள்.

எமர்ஜென்சியில் இது இன்னும் சிக்கல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் பட்டியலைப் பார்த்தா டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறார்? அன்று டியூட்டியில் யார் இருக்கிறாரோ அவர்தான். மருத்துவமனை பில் ஒன்றும் டாக்டர் பில் ஒன்றும் தனித்தனியாக வரும்போதுதான் அவர் பெயரே தெரியும். அதனால்தான் ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள்: விலகிய டாக்டராக இருந்தாலும், அவசர நிலையில் இருப்பவரிடம் தனி ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து கேட்கக் கூடாது. அப்படி ஒப்பந்தம் இல்லாமல் பார்த்தால் மெடிகேருக்கே பில் அனுப்பி, மேலே சொன்ன உச்சவரம்புக்குள் நிற்க வேண்டும்.

அப்புறம் ரீஅசைன்மென்ட் என்று ஒன்று. எமர்ஜென்சி டாக்டர்கள் பலர் மருத்துவமனையின் நேரடி ஊழியர்கள் அல்ல, மருத்துவமனைக்கு டாக்டர்களை அனுப்பும் குழுமங்களின் ஆட்கள். நோயாளி தனக்கு மாற்றிய உரிமையை டாக்டர் மறுபடி குழுமத்துக்கு மாற்றிவிடுவார். பில்லில் கேள்விப்படாத கம்பெனிப் பெயர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் எப்படிச் சொல்வது? சட்டப் பொருளுக்கு உரிமை மாற்றம் போதும். ரீஅசைன்மென்ட்டை மறு உரிமை மாற்றம் எனலாம். ஒப்படை அழகான சொல்தான், ஆனால் ஏற்கெனவே மனையும் வீட்டுப்பாடமும் அதில் குடியேறிவிட்டன. பட்டியல் வரியை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ‘மெடிகேர் நிர்ணயித்த கட்டணத்தை முழுக் கட்டணமாக ஏற்பவர்’ என்று விரித்து எழுதலாம். சுருக்கம் வேண்டுமென்றால், ‘மெடிகேர் கட்டண ஏற்பு: உண்டு’.