டொப் மொடல் என்றால் மணலில் ஓடுமா?

மணற்காட்டில் புதைந்த இன்னொரு வண்டியை நேற்று என் கராஜுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். உயரமான டபிள் கப் பிக்கப், 18 அங்குல ரிம், பின்கதவில் பெரிதாக ‘ஃபோர் வீல்’ ஸ்டிக்கர், அதாவது நாலு சில்லும் இழுக்கும் என்று. கீழே குனிந்து பார்த்தால் இஞ்சின் இழுப்பை முன் சில்லுக்குக் கொண்டுபோகிற சாஃப்டே இல்லை! வாங்கியவருக்கு அது நேற்றுத்தான் தெரியும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும்வரை பழைய பிக்கப்புக்கே காணி விலை சொன்னார்கள். அவ்வளவு காசு கொடுப்பவர் ஒருதரம் குனிந்து பார்க்கக் கூடாதா?

டொயோட்டா ஹைலக்ஸில் ப்ரீரன்னர், இசுசு டி-மக்ஸில் ஹைலாண்டர், ஃபோர்ட் ரேஞ்சரில் ஹைரைடர். இவற்றுக்கு உயரம் மட்டும்தான் ஃபோர் வீல் வண்டியின் உயரம். இழுப்பது பின் சில்லு இரண்டும். கம்பனி இதை ஒளிக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவது தரகர்.

அதைவிட எரிச்சல், “அண்ணை, டொப் மொடல்தானே, எங்கேயும் போகும்” என்ற கதை. போகாது தம்பி. ரேஞ்சரில் எக்ஸ்எல், எக்ஸ்எல்ரி, வைல்ட்ட்ராக் என்று ஏற ஏறக் கூடுவது பெரும்பாலும் தோல் சீற்றும் திரையும் பளபளப்பும் பெரிய ரிம்மும். ஃபோர் வீல் என்றால் அடியில் இருக்கிற லோ கியர், மெதுவாகப் பலமாக இழுக்கிற அந்தக் கியர், கீழ் மொடலிலும் அதேதான். ரிம்மைப் பாருங்கள்: 17 அங்குலத்துக்கு 265/65 ரயர், 18 அங்குலத்துக்கு 265/60. மொத்த உயரம் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 18இல் பக்க ரப்பர் 13 மில்லிமீற்றர் குறைவு. காற்றைக் குறைத்ததும் பிதுங்கி மணலைப் பிடிப்பது அந்த ரப்பர்தான். கூடக் காசு கொடுத்து அதைக் குறைத்து வாங்குகிறீர்கள்.

ரேஞ்சரிலேயே ராப்டர் என்ற மொடல் வேறு சாதி, ஒத்துக்கொள்கிறேன். ஃபொக்ஸ் ஷொக், பின்னால் கொயில் ஸ்பிரிங், 2022 மொடலில் இரண்டு பக்கச் சில்லையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற டிஃப் லொக் முன்னும் பின்னும். ஆனால் மற்ற ரேஞ்சர்கள் ஒரு தொன் அளவில் சுமக்க, இது முக்கால் தொன்னோடு நின்றுவிடும். இழுவையும் 3500 கிலோவிலிருந்து 2500 ஆக இறங்கும். சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்ற ராப்டர் தேடுகிறவரை என்ன செய்வது? பட்டை ஸ்பிரிங் வைத்த சாதாரண மொடல்தான் உங்கள் வண்டி, ஐயா.

அட்வான்ஸ் கொடுக்க முதல் வண்டியைக் கராஜ் ராம்பில் ஏற்றி அடியைப் பாருங்கள். ஃபோர் வீலில் போட்டு மண் தரையில் ஓட்டிப் பாருங்கள். தார் வீதியில் வேண்டாம், திரும்பும்போது கியர்ப்பெட்டி கதறும். சேஸியின் உட்பக்கத்தை ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள், கடற்கரை வண்டிகள் உள்ளே இருந்துதான் உக்கும். மணலில் இறங்க முதல் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள், வீதிக்கு ஏறினதும் திரும்ப அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

புதைந்தால் தயவுசெய்து அக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். இறங்கி, சில்லுக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாருங்கள்.