கேமரா உங்களுடையது, பாஸ்வேர்ட் யாருடையது?

போன வாரம் மறுபடியும் அதே கதை. கம்பத்தில் வீடு, மலைக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். வேலையை விட்டு நின்ற பழைய சூப்பர்வைசரின் போனில் அந்தத் தோட்டத்து ஸ்டோர் கேமரா இன்னும் ஓடுகிறது. காய் எப்போது உலர்கிறது, மூட்டை எப்போது ஏறுகிறது, ராத்திரிக் காவலுக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பாஸ்வேர்ட்? மாட்டிவிட்டுப் போன பையன் போட்டதுதான், ஒன்றிலிருந்து ஆறு வரை.

"நம்ம ஸ்டோரை எவண்ணே உக்காந்து பாக்கப்போறான்?" என்கிறார் முதலாளி.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பழைய சூப்பர்வைசரை விடுங்கள், வெளியாள் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, உங்களைத் தேடி வருவதும் இல்லை. இணையத்தில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் உள்ள எண் முகவரிகளை, அதாவது ஐபி முகவரிகளை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ராப்பகலாக ஓடுகின்றன. அவற்றுக்குக் கம்பமும் தெரியாது, குமுளியும் தெரியாது. 2016இல் மிராய் என்ற வைரஸ் அப்படித்தான் பரவியது. அதன் கையில் இருந்தது கம்பெனியிலிருந்தே வரும் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள், சுமார் 60. அதை வைத்தே லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), ரூட்டர்களைப் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அவற்றில் ஒரு பகுதியை இணையதளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவிவிட்டதில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறின. இப்படி ஏவிவிடுகிறவனுக்கு உங்கள் ஏலக்காய் வேண்டாம். உங்கள் டிவிஆரும் நெட் கனெக்‌ஷனும் போதும். படம் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டிவிஆரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மிராய் மாதிரியானது மெமரியிலிருந்து போய்விடும். பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் சில நிமிடத்திலேயே திரும்பி வந்துவிடும்.

சரி, செய்ய வேண்டியது. போனில் கேமரா பார்க்கும் ஆப்பின் முதன்மைக் கணக்கு உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும், மாட்டியவர் நம்பரில் வேண்டாம். சூப்பர்வைசர் பார்க்க வேண்டுமானால் ஆப்பிலிருந்து ஷேர் பண்ணுங்கள், நிற்கிற அன்றே எடுத்துவிடுங்கள். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்ட் வேறு, ஆப் கணக்கின் பாஸ்வேர்ட் வேறு. ஒன்றை மாற்றிவிட்டு இரண்டும் மாறியதாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஓடிபி கேட்கும் வசதி இருந்தால் இன்றைக்கே போடுங்கள். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு வர விடும் வழி) திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள்.

தேக்கடியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே, கேமரா இருக்கிற வைஃபையைத் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கெஸ்ட் வைஃபை தனியாகப் போட ஐந்து நிமிடம் போதும். அப்டேட்டே வராத பழைய டிவிஆர் என்றால் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஹார்டு டிஸ்கில் பதிவு பாட்டுக்கு ஓடும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நெட்டில் இணைகிற இந்த மாதிரிச் சாதனங்களை எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்கவே சட்டம் விடுவதில்லை. நாம் நூறு வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்ட் போட்டுவிட்டு வருகிறோம். கேமரா மாட்டும் தம்பிகளே, கெஞ்சிக் கேட்கிறேன்: வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை வீட்டுக்காரரையே டைப் பண்ணச் சொல்லுங்கள். அவர் அடித்து முடிக்கும்வரை திரையைப் பார்க்காதீர்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்து அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே அழித்துவிட்டுக் கிளம்புங்கள்.