பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் எப்போதும் தப்பா?

ஒரு காரின் பின்பக்கத்தில் இன்னொரு வண்டி மோதி நின்றால், கூடுகிற கூட்டம் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும்: "பின்னால வந்தவன்தான் பார்த்து வந்திருக்கணும்." பெரும்பாலும் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முன்வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்குப் பின்வண்டி இடைவெளி விட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இருந்தது. போதுமான இடைவெளி என்றால் எவ்வளவு என்று மட்டும் அதில் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குக் கொடுத்தது: நல்ல சூழலில் குறைந்தது 2 முதல் 3 விநாடி. அந்த வழக்கில் லாரிக்குப் பின்னால் 10-15 அடி தள்ளி வந்த கார் மோதியிருந்தது. கார் ஓட்டியவர் மேல்தான் தவறு என்று முடிவானது.

அடியில் சொல்லாமல் விநாடியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. என்பது விநாடிக்கு 22 மீட்டர். முன்னால் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 22 முதல் 33 மீட்டர் பழைய வேகத்திலேயே ஓடிவிடும். இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் வந்து, ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால், அதன்பின் ஓடும் தூரம் இரண்டுக்கும் சமம், அது கழிந்துவிடுகிறது. ஈடுகட்ட வேண்டியது அந்தத் தாமதத்தை மட்டும்தான். எந்த வேகமானாலும் விநாடிக் கணக்கு பொருந்துவது அதனால்தான். 15 அடி என்பது அந்த வேகத்தில் கால் விநாடிகூட இல்லை. (லோடு ஏற்றிய லாரி காருக்குப் பின்னால் வந்தால் இந்தக் கழித்தல் செல்லாது. லாரியால் காரைப் போல் சட்டென்று நிற்க முடியாது. கூடுதல் இடைவெளி விடுவது லாரிக்காரர் பொறுப்பு.)

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: முன்னால் போகிறவர் தான் செய்யப்போவதைத் தெரியப்படுத்துவார் என்பது. விளக்கு எதுவும் எரியாவிட்டால், முன்வண்டியின் உருவம் பெரிதாவதை வைத்துத்தான் அதை நெருங்குகிறோம் என்று கண் அறிகிறது. 200 மீட்டரில் உருவம் வளரும் வேகத்தைவிட 100 மீட்டரில் அது நான்கு மடங்கு. அதாவது, தொலைவில் ஓடுகிற வண்டியும் நிற்கிற வண்டியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும்; வித்தியாசம் தெரியும்போது இடம் குறைந்திருக்கும்.

இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி இன்னும் மோசம். 80 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் முழுவதும் நிற்க, தாமதத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 60 முதல் 70 மீட்டர் வேண்டும். லோ பீம் வெளிச்சத்தில் இருண்ட லாரி கண்ணில் படுவது பெரும்பாலும் அதற்குள்தான். நடுச்சாலையில் அடையாள விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த டேங்கர் லாரி மீது கார் மோதிய வழக்கில், உயர் நீதிமன்றம் பழியைப் பாதிப்பாதியாகப் பிரித்தது. உச்ச நீதிமன்றம், அதே 2018-ல், முழுப் பழியையும் டேங்கர் மேல் வைத்தது. என் பார்வையில் அதுதான் சரி: பார்க்க முடியாததை எத்தனை விநாடி இடைவெளியாலும் தவிர்க்க முடியாது.

இதைவிடச் சிக்கலானது கோவை வழக்கு. 2017 ஜனவரியில் நெடுஞ்சாலையில் போன ஒரு கார், கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் என்று திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த கல்லூரி மாணவர் அதில் மோதி விழ, பின்தொடர்ந்த பேருந்து அவர்மேல் ஏறியது; இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார் ஓட்டியவரை முழுக்க விடுவித்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கார் 40 சதவீதம், பேருந்து 30, மாணவர் 30 என்று பிரித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காரின் பங்கை இன்னும் கூட்டியது: கார் 50 சதவீதம், பேருந்து 30, மாணவர் 20. நெடுஞ்சாலையில் நிறுத்துபவர் பின்னால் வருவோருக்கு எச்சரிக்கை தர வேண்டும்; காரணம் எவ்வளவு அவசரமானாலும் அது மாறாது என்பதே அதன் பார்வை. மாணவரும் போதிய இடைவெளி விடவில்லை, செல்லத்தக்க உரிமமும் இல்லாமல் ஓட்டினார் என்பதற்குத்தான் அந்த 20.

பிரேக் லைட் எரிந்ததா இல்லையா என்பதை எப்படி நிரூபிப்பது? பழைய பல்புகள் சாட்சி சொல்லும். எரிந்துகொண்டிருக்கும்போது இடி விழுந்தால் சூடான இழை நீண்டு நெளியும். அணைந்திருந்தால் நெளியாது, ஒடியக்கூடும். எல்.இ.டி. விளக்குகளில் இழையே இல்லாததால் அந்தத் தடயம் போய்விட்டது. பதிலுக்குப் பல புதிய கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கருவி, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதித்ததையும் பதிந்து வைக்கிறது. ஆனால் அது தன் காரின் கதையை மட்டுமே சொல்லும். லேசான இடியென்றால் பதிவே இல்லாமலும் போகலாம். அப்போது டேஷ்கேம் (காருக்குள் பொருத்திச் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) வைத்திருப்பவர் கைதான் ஓங்கும்.