விசா கேட்காத ஸ்வால்பார்ட்: போகலாம், தங்கலாம், ஆனால் எதை நம்பி?

நார்வேயின் வடகோடிக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிறது ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் பனியாறுகள். இங்கே குடியேற விசா வேண்டாம், வேலை பார்க்க பெர்மிட் வேண்டாம். எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி. "இந்தியர்கள் விசா இல்லாமல் குடியேறலாம்" என்று யூடியூபில் வரும் தலைப்புகளுக்கு ஆதாரம் இதுதான். சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி தெரியாமல் பணத்தைப் போட்டுவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இப்படி ஒரு விதி எப்படி வந்தது? திமிங்கில வேட்டைக்காரர்களும், பிறகு நிலக்கரிக் கம்பெனிகளும் வந்து போய்க்கொண்டிருந்த இந்தத் தீவுகள் நீண்ட காலம் எந்த நாட்டுக்கும் சொந்தமாக இல்லை. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் அவற்றை நார்வேக்குக் கொடுத்தது. 1925 ஆகஸ்ட் 14 முதல் அது அமலில் இருக்கிறது. கொடுத்தபோதே நிபந்தனைகளும் போட்டார்கள். ஒப்பந்த நாட்டு மக்கள் எல்லோரும் மீன்பிடிப்பு, வேட்டை, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் நார்வேக்காரர்களுக்குச் சமம். அங்கே வசூலாகும் வரியை அந்தத் தீவுகளுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். கடற்படைத் தளமோ கோட்டையோ கட்டக் கூடாது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பிலும் அதில் கையெழுத்து இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1935இல் சேர்ந்தது. பேரன்ட்ஸ்பர்க் என்ற ரஷ்யச் சுரங்க ஊர் இன்றும் அங்கே இருப்பது அதனால்தான். நார்வேயின் குடியேற்றச் சட்டம் ஸ்வால்பார்டில் செல்லாது. நடைமுறையில் ஒப்பந்த நாட்டவர், மற்றவர் என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி சிக்கலுக்கு வருவோம். ஸ்வால்பார்டுக்கு வழக்கமான பயணிகள் விமானம் நார்வேயிலிருந்துதான், ஓஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாக. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி. நார்வே அதற்குள் இருக்கிறது, ஸ்வால்பார்ட் வெளியே. ஆகவே இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். அதுவும் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். ஓஸ்லோவில் இறங்கும்போது ஒரு நுழைவு, ஸ்வால்பார்டிலிருந்து திரும்பும்போது இன்னொன்று. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

போய்ச் சேர்ந்தாயிற்று, தங்கலாமா? தங்கலாம், சொந்தக் காசில். அங்கே அரசின் பிரதிநிதி ஆளுநர், நார்வே மொழியில் சிஸல்மெஸ்டர். வாழ்க்கையை ஓட்டப் போதுமான வருமானமோ சேமிப்போ இல்லாதவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. வேலை போய்விட்டது, வாடகை கட்ட முடியவில்லை என்றால் நார்வேயில் கிடைக்கும் சமூகநல உதவித்தொகை இங்கே கிடையாது.

வீடுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. லாங்யியர்பியன் என்ற முக்கிய ஊரில் சுமார் 2,500 பேர் இருக்கிறார்கள். நிலம் அடியில் உறைந்தே கிடப்பதால் வீடுகளைத் தூண்கள்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்கள்கூட மண்ணுக்கு மேலேதான் ஓடுகின்றன. 2015 டிசம்பரில் பனிச்சரிவு விழுந்து பல வீடுகள் நொறுங்கின, இரண்டு பேர் இறந்தார்கள். ஆபத்தான சரிவுகளுக்குக் கீழே இருந்த வீடுகளைப் பிறகு காலி செய்ய வேண்டி வந்தது. மிச்சமிருக்கும் வீடுகளில் பெரும்பகுதி அரசு, கம்பெனிகள் கையில். அதனால் பலருக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே வரும், ஒன்றாகவே போகும். வேலையை உறுதி செய்யாமல், "வீடு உண்டா?" என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்க நினைப்பவர் மக்கள் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். வருமான வரி நார்வேயைவிட மிகக் குறைவு, மதிப்புக்கூட்டு வரி இல்லை. ஆனால் சாப்பாட்டுச் சாமான் முதற்கொண்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் விலை கடுமை. ஆஸ்பத்திரி உண்டு, சிறியது. பிரசவத்துக்கு வசதியில்லாததால் கர்ப்பிணிகள் தேதிக்குச் சில வாரம் முன்பே நார்வே போய்விட வேண்டும். விசா தேவைப்படும் நாட்டுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கவலை என்று யோசித்துப் பாருங்கள். முதியோரைப் பராமரிக்கும் ஏற்பாடும் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் துருவக்கரடியை விரட்டும் சாதனம் கையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

பலர் கவனிக்காத ஒன்று: ஸ்வால்பார்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது நார்வேயின் நிரந்தர வசிப்புரிமைக்கோ குடியுரிமைக்கோ பொதுவாகக் கணக்கில் வராது. ஐரோப்பாவுக்குள் நுழையக் குறுக்கு வழி என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

ஓட்டுரிமை விஷயத்தில் நார்வே செய்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2022இல் விதியை மாற்றினார்கள். நார்வே நிலப்பகுதியில் மூன்று வருஷம் வாழ்ந்திருக்காத வெளிநாட்டவர் உள்ளூர் மன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, போட்டியிடவும் முடியாது. ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டவர். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் அதில் கணிசம். ஹோட்டலிலும் கடையிலும் துப்புரவிலும் உழைப்பவர்கள், அங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். தீவுகள் நார்வேயின் கையில் உறுதியாக இருக்க வேண்டும் என்பது அரசின் வாதம், ரஷ்யா பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கவலை புரிகிறது. அதற்காக, வரி கட்டும் ஒருவர் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நடத்தும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. 2023 அக்டோபர் தேர்தல் இந்தப் புதிய விதிப்படியே நடந்தது.