சாராயத்துக்குத் தீ வைத்துப் பார்த்தால் தெரியுமா?

பழனி மலையடிவாரத்தில் நெய்க்காரப்பட்டி பக்கம் கரும்பு வெல்லமாகிறது. கொஞ்சம் மேற்கே, கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு மொலாசஸ் என்ற கழிவுப் பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் பிரிவும் உண்டு. வடித்த சாராயம் நல்லதா என்று அறிய நம் ஊர்களில் ஒரு பழைய சோதனை சொல்வார்கள்: கொளுத்திப் பார், நீலமாக எரிந்தால் சரி. ஆனால் உயிரைக் குடிக்கும் நச்சு ஆல்கஹாலான மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்!

மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து வருவது. கரும்பில் பெக்டின் சொற்பம் என்பதால் கரும்பு ஊறலில் அது தானாக அதிகம் உருவாகாது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது வெளியிலிருந்து கலந்த மெத்தனால்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது எத்தில் கார்பமேட் என்ற இன்னொரு நச்சு. யாரும் கலக்க வேண்டாம். யூரியாவோ சயனைடு வகைப் பொருள்களோ எத்தனாலுடன், அதாவது சாராயத்தின் ஆல்கஹாலுடன், வினைபுரிந்து தானே உருவாகும். புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், இது சுமார் 185 டிகிரியில். அப்படியானால் அடியிலேயே தங்கிவிடுமே என்று தோன்றும். ஆனால் அதை உண்டாக்கும் சயனைடு ஆவியோடு மேலே வந்துவிடுகிறது. வடித்த பிறகு பாட்டிலுக்குள் வினை தொடர்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் வேகம்.

சாராயத்தில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து அளப்பதற்கு வாயு நிறப்பிரிகைக் கருவி. முடிபோல் மெல்லிய, 30 மீட்டர் நீளக் குழாய்ச் சுருளுக்குள் சாராயத் துளியை ஆவியாக்கி, ஹீலியத்தால் தள்ளுவார்கள். பழனிப் படியேறும் கூட்டம்தான்: சிலர் நிற்காமல் ஏறுவார்கள், சிலர் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து வருவார்கள். அசிடால்டிஹைடு முதலில், அப்புறம் மெத்தனால், எத்தனால். ஐசோஅமைல் ஆல்கஹால் பின்னால். வந்துசேரும் நேரத்தை வைத்து ஆள் யார் என்று தெரியும். வரைபடத்தில் எழும் முகட்டின் பரப்பு, அந்த ஆள் எவ்வளவு இருக்கிறார் என்று சொல்லும்.

எத்தில் கார்பமேட்டுக்கு இது போதாது, அளவு அவ்வளவு சொற்பம். கச்சாசா என்ற கரும்புச் சாராயத்துக்குப் பிரேசில் வைத்த வரம்பே லிட்டருக்கு 210 மைக்ரோகிராம். கனடா வடிசாராயங்களுக்கு வைத்தது 150. அதனால் குழாயின் முனையில் மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமானியைப் பொருத்தி, மூலக்கூறை உடைத்து, நிறை எண் 62 கொண்ட துண்டை மட்டும் எண்ணுகிறார்கள். சோதனைக்கு முன்பே, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் எடை கூடிய கன ஹைட்ரஜன் சேர்த்துச் செய்த அதே பொருளை அளந்து மாதிரியில் விடுவார்கள். அதன் துண்டு 64-ல் தெரியும். வழியில் எது வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும். ஆகவே 62-க்கும் 64-க்கும் உள்ள விகிதத்திலிருந்து உண்மையான அளவைக் கணக்கிடலாம்.

வினை பாட்டிலுக்குள்ளும் தொடர்வதால், வடித்த அன்று ஒருமுறையும் இருப்பில் வைத்த பிறகு இன்னொரு முறையும் அளந்தால்தான் கணக்கு சரியாகும்.