கழிவுநீர் வண்டியில் போகிறவர்களுக்கு நமஸ்தே திட்டத்தில் என்ன இருக்கிறது?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். களிமண் தரை, தண்ணீர் சீக்கிரம் இறங்காது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் செப்டிக் டேங்க் நிரம்பிப் பொங்கும். கழிவுநீர் வண்டிக்காரர்களுக்கு ஓய்வில்லாத காலம் அது. இவர்களுக்காகவும் பாதாள சாக்கடைத் தொழிலாளர்களுக்காகவும் ஒன்றிய அரசு 2023-24இல் தொடங்கியதுதான் நமஸ்தே திட்டம். 2025-26 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 349.73 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

இதில் பாதுகாப்புப் பயிற்சியும் பாதுகாப்புக் கவசங்களும் இலவசம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. சொந்தமாக வண்டியோ இயந்திரமோ வாங்க நினைத்தால் கடனோடு மானியமும் கிடைக்கும்: தனி ஆளுக்கு 5 லட்சம் வரை, குழுவாகச் சேர்ந்தால் 18.75 லட்சம் வரை.

இவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான். நகராட்சியோ மாநகராட்சியோ எடுக்கும் கணக்கெடுப்பில் பெயர் ஏற வேண்டும். "நாம நகராட்சி ஆள் இல்லையே" என்று தனியார் வண்டியில் குழாய் பிடிக்கிறவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் திட்டம். ஆதார், பேங்க் பாஸ்புக்கோடு நகராட்சி சுகாதாரப் பிரிவில் போய், "நமஸ்தே பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, அடுத்த பயிற்சி எப்போது" என்று கேளுங்கள்.

இருபது வருஷம் பார்த்த வேலைக்குப் பயிற்சி எதற்கு என்று தோன்றலாம். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு காற்றைவிடக் கனமாக அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் கூடவே விழுவார். அனுபவம் இதைச் சொல்லித்தராது. அப்படி விழுந்தவர் திரும்பி வந்து சொல்லித்தர உயிரோடு இருக்க மாட்டார்.

அப்புறம், வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "இருநூறு ரூபா கூடத் தர்றேன், கொஞ்சம் இறங்கி அடிக்கசடை வாரிடுப்பா" என்று சொல்கிறவர்மீதும் இந்தச் சட்டம் பாயும். தொட்டி நிரம்பினால் கூப்பிட வேண்டிய எண் 14420.