ஓடையைத் திரையில் பார்க்கிறீர்களா? இலையைத் தேடுங்கள்

காட்டோடை ஒன்றை இணையவழியில் சுற்றிப் பார்க்கப் போனால் முதலில் வருவது 360 டிகிரி படம். மரங்கள், பாறைகள், விரலால் இழுத்தால் வானம். அழகுதான், ஆனால் சூழலியல் படிக்க அது பெரிதாக உதவாது. கேமரா தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. அங்கேயும் மீனைத் தேடாதீர்கள். கல்லிடுக்கில் சிக்கி ஊறிக் கிடக்கும் இலைக்குவியலைப் பாருங்கள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹப்பர்ட் புரூக் காட்டில் பேர் புரூக் என்றொரு சிற்றோடை ஓடுகிறது. சூழலியலாளர்கள் ஸ்டூவர்ட் ஃபிஷரும் ஜீன் லைகன்ஸும் அதற்கு வரவு செலவுக் கணக்கே எழுதினார்கள். 1973-இல் வெளியான அந்தக் கணக்கில், ஓடைக்கு வந்த ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் சுற்றியுள்ள காட்டின் உபயம். அடர்ந்த நிழலில் பாசி அதிகம் வளராது. காடு போடும் சோறுதான் ஓடைக்கு.

விழுந்த இலையைப் பூச்சிகள் உடனே தின்ன வருவதில்லை. முதல் ஓரிரு நாளில் இலையின் சாறு கரைந்து போகும். அப்புறம் நீர்ப்பூஞ்சைகள் படர்ந்து அதை மெத்தென்று ஆக்கும், சத்தும் ஏற்றும். அதன் பிறகுதான் இலை தின்னும் புழுக்கள் வந்து, நரம்பு மட்டும் மிஞ்சும்வரை அரித்துத் தள்ளும். அவை சிந்தும் துணுக்குகளும் எச்சமும் நீரோடு போக, கேடிஸ்ஃபிளை என்னும் பூச்சியின் நீர்வாழ் புழுக்களில் சில கற்களுக்கிடையே பட்டிழை வலை கட்டி அவற்றை வடிகட்டித் தின்னும். ஒருநாள் நேரில் போகிறவர் இந்தக் கதையில் ஒரு காட்சியைத்தான் பார்க்க முடியும். ஒரே இலைக்குவியலை வாரக்கணக்கில் எடுத்துக் கோத்த படங்கள் முழுக் கதையையும் காட்டிவிடும்.

சரி, இலையே விழாவிட்டால்? வட கரோலினாவின் கவீட்டா ஆய்வுக்களத்தில் புரூஸ் வாலஸ் குழுவினர் 1993-இல் ஒரு சிற்றோடையின் மேல் வலை விரித்து இலைகளைத் தடுத்தார்கள். இலை தின்னும் பூச்சிகள் குறைந்தது எதிர்பார்த்ததே. அவற்றை வேட்டையாடும் பூச்சிகளும் சேர்ந்து குறைந்தன. மாஸ் என்னும் பாசிச்செடி படர்ந்த பாறைகளில் மட்டும் பெரிய மாற்றமில்லை.

அசையும் படத்துக்கு இன்னொரு பலன் உண்டு. ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை இரண்டும் இளமையில் ஓடை நீரில் வாழும் பூச்சிகள். ஸ்டோன்ஃபிளை இளம்பூச்சிக்கு இரண்டு வால். பல வகைகளில் செவுள்கள் கால்களின் அடியில் இருக்கும். மேஃபிளைக்குப் பெரும்பாலும் மூன்று வால், செவுள் வயிற்றின் ஓரங்களில். இதை நல்ல நிழற்படத்திலேயே பிரித்தறியலாம். ஆனால் நீரில் ஆக்சிஜன் குறைந்தால் ஸ்டோன்ஃபிளை கல்லைப் பிடித்துக்கொண்டு தண்டால் எடுக்கும்! உடம்பை ஏற்றி இறக்கிப் புதிய நீரைச் செவுள் பக்கம் தள்ளுகிறது. 5 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 25 டிகிரியில் சுமார் 8 மட்டுமே. கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போய் நீர் சூடாகும்; அப்போது பூச்சிக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது அந்தத் தண்டாலைப் பார்த்தாலே புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் திரையை நம்பக் கூடாது. எந்தப் பூச்சியைக் காட்டுவது என்று படமெடுத்தவர்தான் முடிவு செய்கிறார், அவருக்கு அழகானதும் அரியதும்தான் பிடிக்கும். ஓடையின் நலத்தைக் கணிக்க, பூச்சி அள்ளும் வலையில் விழுந்த அத்தனையையும் எண்ண வேண்டும், எது விழவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். அதனால் அள்ளியதை அப்படியே வெள்ளைத் தட்டில் கொட்டி, தட்டு முழுவதையும் பெரிதாக்கிப் பார்க்கும்படி படமாகத் தரும் உலாவையே நான் தேர்ந்தெடுப்பேன். அதில் பார்ப்பவரே எண்ணலாம்.